கரும்புக்குள்ளிருந்து வந்த பதில்

என் பெயர் ஜெசிந்தா மேரி, வயது 31, கணவர் பெயர் சேவியர்ராஜ். ஏம்பலம் மாதா கோயில் தெருவில் குடியிருக்கிறேன். மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறேன். எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை இருக்கிறது. நடேசன் என்பவரின் கரும்புக் கொல்லையில் என் கணவர் தீக்காயம் அடைந்தது பற்றி என் கணவரின் அண்ணன் பிரிட்டோ கொடுத்த புகாரின் பேரில் இன்று காவல் நிலையத்தில் என்னை விசாரித்தார்கள்.

என் கணவர் லோடு வேன் ஓட்டுகிறவர். ஐப்பசி மாதம் சென்னைக்கு லோடு ஏற்றிப் போனபோது அங்கே லாட்ஜில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணுடன் இருந்திருக்கிறார். ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து அவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன. அப்போதுதான் பயந்துபோய் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் சில நாள் அவரிடம் பேசவில்லை. அதன் பிறகு நானே அவரை அரசு ஆஸ்பத்திரியில் உள்ள நம்பிக்கை மையத்துக்கு அழைத்துப் போனேன். இருவருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தார்கள். இருவருக்கும் இல்லை என்று வந்தது. அங்கே ஆலோசகராக இருக்கும் விஜயராணி மேடம், "காய்ச்சல வச்சி இதுதான்னு சொல்ல முடியாதுண்ணா. சென்னை போன நாள்லருந்து மூணு மாசம் முடிஞ்சதும் இன்னொரு முறை பாத்துடலாம். புள்ளயத் தூக்குறதால, ஒரே தட்டுல சாப்புடறதால இது வராது" என்றார். பேசி முடிக்கும்வரை அவர் என் கணவரின் முகத்தைப் பார்த்தபடியேதான் இருந்தார். ஆனால் பஸ்ஸில் வரும்போது என் கணவர், "அந்தம்மா என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. கவனிச்சியா?" என்றார்.

அதன் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. எந்நேரமும் போன் டார்ச்சை வாய்க்குள் அடித்துக் கண்ணாடியில் நாக்கைப் பார்த்தபடி இருந்தார். "வெள்ளையா தெரியுதா? நேத்து இங்க இருந்துச்சி, இன்னிக்கி எடம் மாறிடுச்சி" என்பார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிள்ளை மடியில் உட்கார வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அவள் போகும்வரை இரண்டு கைகளையும் தூக்கியபடி நிற்பார். மார்கழியில் ஒருநாள் பம்ப்செட்டில் குளித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர் திரும்பவில்லை. போன் வீட்டில் சார்ஜில் இருந்தது. அவரைக் காணவில்லை என்று நானும் பிரிட்டோவும் இதே நிலையத்தில் மனு கொடுத்தோம்.

பொங்கல் கழிந்து நடேசன் கொல்லையில் கரும்பு வெட்டத் தொடங்கினார்கள். வெட்டுக்குப் போகும் சின்னப்பிள்ளை என்கிற அம்மாள் ஒருநாள் காலையில் என் வீட்டுக்கு ஓடி வந்தார். "எம்மா, கரும்புக்குள்ள என்னமோ கீது. நாங்க வெட்ட வெட்ட அது உள்ள உள்ள போவுது. சோறு வச்சா காணாப் போவுது. கண்ணாடித் துண்டுல நாக்க நீட்டிப் பாத்துக்கினு நிக்குது" என்றார். அடுப்பை அணைக்கக்கூட நிற்காமல் நான் ஓடினேன்.

கொல்லையில் பெரும்பகுதி வெட்டியாகிவிட்டது. நடுவில் ஒரு வீடு அளவுக்குக் கரும்பு நின்றிருந்தது. ஆட்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் நின்றார்கள். உள்ளே இருப்பதை மிரட்டி வெளியே வரவைக்க நடேசன் கம்பில் துணி சுற்றிக் கொளுத்திப் பிடித்தபடி, "உள்ள யாருனா கீறீங்களா? இருந்தா வெளிய வந்துடுங்க, கொளுத்தப் போறேன்" என்று கூப்பிட்டார். காற்று இல்லை. நடுவில் மட்டும் தோகை அசைந்தது. அதன் பிறகு உள்ளேயிருந்து, "ஆளு யாரும் இல்ல. கொளுத்திக்கோங்க" என்று பதில் வந்தது. வீட்டில் அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல நிதானமாக இருந்தது. அது என் கணவரின் குரல். அங்கே நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. கேட்கவில்லை என்று இப்போது சொல்கிறவர்கள் பயத்தில் சொல்கிறார்கள். குரலைக் கேட்டதும் நடேசன் அலறிப் பின்வாங்கினார். கம்பு கை தவறிக் காய்ந்த தோகையில் விழுந்தது. அவர் வேண்டுமென்று தீ வைக்கவில்லை.

நான் உள்ளே போனேன். என் கணவர் தரையில் குந்தியிருந்தார். தீயைப் பார்த்தும் எழவில்லை. நான் கையைப் பிடித்ததும்தான் பதறி, "தொடாதடி, ஒட்டிக்கும்" என்று கத்தினார். விடாமல் இழுத்தேன். வெட்டு ஆட்களும் சேர்ந்து எங்களை வெளியே கொண்டுவந்தார்கள்.

அதன் பிறகு அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கால்கள் இரண்டும் வெந்திருந்தன. மூன்று மாதம் முடிந்துவிட்டதால் விஜயராணி மேடம் கட்டிலுக்கே வந்து ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்தார். எச்.ஐ.வி. இல்லை என்று வந்தது. "உங்களுக்கு ஒண்ணும் இல்லண்ணா, இனிமே பயமே வேணாம்" என்றார். மனநல டாக்டரும் பார்த்து மருந்து கொடுத்து வருகிறார். நேற்று நான் இடது கையால் கஞ்சி ஊட்டும்போது என் கணவர் தடுக்காமல் குடித்தார். குடித்து முடித்து என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப இத்தினி நாளா எனுக்குள்ள இருந்தது இன்னா, ஜெசி?" என்று கேட்டார். நான் அவர் வாயைத் துடைத்துவிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தது நடந்தபடி உள்ளது. வலது கை வெந்து கட்டுப் போட்டிருப்பதால் கையெழுத்துக்குப் பதிலாக இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(ஜெசிந்தா மேரி, இடது கைப் பெருவிரல் ரேகை)

என் முன்பாக,
குழந்தைவேல், உதவி ஆய்வாளர்