ஊரில் ஆளில்லாத பௌர்ணமி

என் பெயர் நாரம்மா. வயது ஐம்பத்திரண்டு. கணவர் காலஞ்சென்ற சுங்கன்னா. அனந்தபுரம் மாவட்டம் எர்ரகுண்டபல்லியில் நிலக்கடலை போட்டுப் பிழைக்கிறேன். என் வீட்டில் திருடியதாக ஆட்டோக்காரர் குள்ளாயப்பா மேல் என் கொழுந்தன் திம்மப்பா கொடுத்த புகார் பற்றிக் கேட்டதற்கு நான் சொல்வதாவது:

மாகப் பௌர்ணமி அன்று எங்கள் ஊரில் அடுப்பு மூட்டக் கூடாது, ஒருவரும் ஊருக்குள் தங்கவும் கூடாது. அதன்படி இந்த வருடமும் வீட்டைப் பூட்டி, சாவியை வழக்கம்போல் அம்மிக்கு அடியில் வைத்துவிட்டு, மாடு கன்றோடு எல்லோரும் ஏரிக்கரைத் தோப்புக்குப் போனோம். அதன் பிறகு சாயங்காலம் எல்லோருக்கும் முன்னால் திரும்பிய திம்மப்பா, எங்கள் தெருவிலிருந்து குள்ளாயப்பாவின் ஆட்டோ போவதைப் பார்த்திருக்கிறார். எதற்கு வந்தாய் என்று கேட்டதற்கு அவன் வாய் திறக்காததால் போலீசில் பிடித்துக் கொடுத்தார்.

அதன் பிறகு நான் வீட்டைத் திறந்து பார்த்ததில் ஒன்றும் களவு போகவில்லை. பொரி டப்பா மட்டும் பாதியாகியிருந்தது. அடுப்பு சில்லென்று இருந்தது. வெல்லக் கட்டியில் புதிதாய் முளைத்த அரிசிப் பல் தடம் இருந்தது. "எலி கடிச்சிருக்கும் அண்ணி," என்றார் திம்மப்பா. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கிடந்த கொலுசு மணியைக் காட்டி, "எலிக்கு யாரு கொலுசு போட்டா?" என்று கேட்டேன்.

வந்தவள் என் மகள் சிவலீலா. அந்த அம்மிச் சாவி அவளுக்குத்தான் தெரியும். வேறு சாதியில் கட்டிக்கொண்டதால், "ஊர்ல எங்கள்ல ஒருத்தர் இருக்கிறவரைக்கும் அவ காலு வைக்கக் கூடாது," என்று பெரியவர்கள் கட்டுப்பாடு போட்டார்கள். அன்று ஒருவரும் இல்லை. தீயும் மூட்டவில்லை. அவள் எதை மீறினாள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். இதைச் சொல்வதால் என்னையும் ஒதுக்கி வைப்பார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன்.

அவளுக்குக் குழந்தை பிறந்தது என்று மட்டும் கேள்வி. என்ன குழந்தை என்று என்னிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. கொலுசை வைத்தும் சொல்ல முடியாது, எங்கள் பக்கம் ஆண் குழந்தைக்கும் போடுவோம். நேற்று லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டேய் குள்ளாயப்பா, ஆணா பொண்ணா, அத மட்டும் சொல்லுடா," என்று கெஞ்சினேன். "யாரையும் கூட்டிட்டு வந்ததா மூச்சு விட மாட்டேன்னு அக்காவுக்குச் சத்தியம் பண்ணிருக்கேன் பெரியம்மா. இங்க எல்லாருக்கும் காது இருக்கு. வெளிய வந்து உங்க காதுல மட்டும் சொல்றேன்," என்றான்.

வேறு சொல்ல வேண்டியது உண்டா என்று எஸ்.ஐ. ஐயா கேட்டார். அவன் குற்றமற்றவன், அவனைச் சீக்கிரம் விட்டுவிடுங்கள், நான் ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேன்.

எழுதியதை ஏட்டையா வாசிக்கக் கேட்டேன்; என் வாயால் சொன்னதுதான், கூட்டியதோ குறைத்ததோ இல்லை.

(இடது பெருவிரல் ரேகை)
நாரம்மா