கபார் பாய்க் சொல்லக் கூடாது

கிள்ளான்ல ஒரு கிளினிக். ஃபாரத்தத் தலைகீழா புடிச்சுப் படிச்சுக்கிட்டு இருந்தேன். எழுத்து தெரியாத எனக்கு எப்படிப் புடிச்சாலும் ஒண்ணுதான். முன் சீட்ல ஒரு அங்கிளும் அவரு வீட்டுக்காரம்மாவும்.

"டாக்டர் ஆப்பா கபார்னு நலம் விசாரிப்பாரு. நல்லா இருக்கேன், கபார் பாய்க்னு சொல்லிடாதீங்க."

"மனுஷன் மரியாதையா கேக்குறப்ப வேற என்னா சொல்றது?"

"போன தடவ நீங்க அப்படிச் சொன்னதுக்குத்தான் ஆள் நல்லா இருக்காருன்னு எழுதிட்டாரு. முடியாதவங்களுக்குக் குடுக்குற ஓகேயூ கார்டு ரிஜெக்ட்லா. பத்து வருஷமா மூட்டுவாதம், சட்ட பட்டன்கூட நான்தான் போட்டு விடுறேன்."

"அத நீ சொல்லேன்."

"நோயாளி நீங்கதான! எங்க, வலிக்கிற மாதிரி மூஞ்சிய வைங்க, பாப்போம்."

அங்கிள் வச்சாரு.

"அய்யோ, கல்யாண போட்டோவுல இருக்குற அதே மூஞ்சி."

"அன்னிக்கும் வலிச்சிச்சுலா."

எனக்கு சிரிப்பு வந்து ஃபாரத்துல மூஞ்சிய மறைச்சுக்கிட்டேன். அதுக்காவது உதவுச்சு.

நம்பர் கூப்பிட்டாங்க. அங்கிள் சீட்டப் புடிச்சு எந்திரிக்கவே ரெண்டு நிமிஷம் ஆச்சு. ரெண்டு பேரும் உள்ள போனப்புறமும் டாக்டர் ரூம் கதவு தொறந்தே கெடந்துச்சு.

"ஆப்பா கபார், அங்கிள்?" டாக்டர் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு.

அங்கிள் வாய இறுக்கி மூடிக்கிட்டு அந்தக் கல்யாண மூஞ்சிய வச்சாரு. டாக்டர் பேனாவப் புடிச்சுக்கிட்டு காத்திருந்தாரு. அங்கிள் அசையல.

கேட்டவருக்குப் பதில் சொல்லாம நிக்கிற அந்த மரியாதக் கொறச்சல அந்தம்மாவால தாங்கவே முடியல.

"கபார் பாய்க், டாக்டர்!"