தோளில் தொங்கிய கேமரா

பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவர் மடியில் துண்டில் சுற்றிய வீடியோ கேமரா.

“மகனுக்குக் காது குத்துனதக் காணோம். ஒங் காலு மட்டும் ஒரு மணி நேரம் ஓடுது,” என்றார். நான் ஜன்னலை மறந்தேன்.

“எங்கண்ணன் மடியில ஒக்காந்து புள்ள அழுதது?”

“அதுவும் இல்ல. முதல்ல அமுக்குனதுமே ஓட ஆரம்பிச்சுருக்கு. தெரியாம மறுபடி அமுக்கிட்டேன். அப்பறம் எல்லாமே தலகீழ். நான் படம் எடுக்கையில நின்னுருக்கு, தோள்ல தொங்கப் போட்டா ஓடிருக்கு.”

“ஸ்டுடியோவுல குடுத்து வெட்டி ஒட்டலாம்ல?”

“எத ஒட்டுறது? பூராவும் நீ பந்திக்கும் அடுப்படிக்கும் நடக்குற காலுதான். ‘மதனி, சாப்டாமப் போயிராதீக’ன்னு ஒஞ் சத்தம்.”

“அய்யய்யோ, கொலுசுகூடப் போடல. மொதல்ல அத அழிங்க.”

அவர் துண்டை இழுத்துக் கேமராவை மூடினார். “ஞாயித்துக்கிழம சிங்கப்பூருக்குப் பிளேன் ஏறணும். அங்குட்டுப் போயி நான் எதப் பாக்குறது?”

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு அந்தப் பெண் கேமராவைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

“எங்குட்டு அமுக்கணும், சொல்லுங்க. ஒங்க காலயும் எடுத்து வச்சுக்கிர்றேன்.”