கிளோயேவுக்குக் காத்து பத்தல

பெட்டிய மொதல்ல கீழ வைங்கண்ணே! வந்ததும் வராததுமா மீன் தொட்டிகிட்டயா ஓடுவாங்க? கிளோயே எங்க, கிளோயே எங்கன்னுட்டு... பேத்திய பிரான்சுல விட்டுட்டு வந்து, அவ பேர வெச்ச கருப்பு மீனத் தேடுறீங்க! பத்து நாளுன்னு போனீங்க லெயோன் அண்ணே, இன்னையோட இருவத்திரெண்டு. பக்கத்து வூட்டுப் பெரியநாயகி பாத்துக்குவான்னுட்டீங்க. பாத்தேன். பாக்கலன்னு சொல்லல. ஆனா அந்த பாட்டிலு இருக்கே... அய்ய, அது என்னா பொழப்புங்கண்ணே!

சக்கரைத் தண்ணியில ஈஸ்ட்டக் கலக்கி, மூடியில ட்யூபு சொருவி, அது தொட்டியில பொளக் பொளக்குன்னு காத்து முட்டை வுடுது. வாரம் ஒருக்கா மாத்தணும்னீங்க. பழசக் கொண்டாந்து எங்க கொல்லையில ஊத்துனா ஒரே சாராய நாத்தம்! அன்னைக்கின்னு பாத்து திருநள்ளாத்துலேருந்து நாத்தனார் வந்து நிக்கிறாங்க. மோந்து பாத்துட்டு, "தம்பி எப்பலேருந்து ஆரம்பிச்சுது?"ங்குறாங்க. எங்கூட்டுக்காரரு காரைக்கால்ல பொறந்து வளந்து, ஒரு சாராயக் கடைவாசல மிதிக்காத மனுசன்! பூவத்துலேருந்து அவரு சித்தப்பா பஸ் ஏறி வந்து புத்தி சொல்லிட்டுப் போறாரு. சிரிக்காதீங்க!

கிட்டப் போவாதீங்க, மெரளும். செடியப் பாருங்களேன்! நெரவி வயலு தோத்துப்போவும். மீனா? இருக்குங்க, இருக்கு...

ராவுக்கு ட்யூபக் கழட்டி வெளிய போட்டுடணும்னீங்கள்ல? ஏன், ராவுல மீனு மூச்சு வுடாதா? பாவமேன்னு நான் கழட்டவே இல்ல. போன வாரம் புது பாட்டிலு மாத்துன மறுநா காலையில வந்து பாக்குறேன், அத்தனையும் மேல வந்து வாயப் பொளந்து பொளந்து... மனசு கேக்கலண்ணே. காத்து பத்தல போலருக்குன்னு இன்னொரு பாட்டிலு போட்டேன். அப்பவும் பொளக்குது. மூணாவதுக்கு வெல்லத்த நுணுக்கிப் போட்டேன், சத்தா இருக்கட்டும்னு.

எம்பொண்ணு பிரதீபா வந்து பாத்துட்டு, "அம்மா, அது செடிக்கு வுடுற கரியமில வாயும்மா! மீனுக்கு மூச்சு முட்டுது!"ன்னு கத்துனா பாருங்க... ட்யூபு எல்லாத்தையும் புடுங்கி எறிஞ்சேன். சொம்பால மொண்டு மொண்டு, டீ ஆத்துற மாரி ஆத்துனேன், ஆத்துனேன், தோளு எறங்குற வரைக்கும் ஆத்துனேன். ஒண்ணொண்ணா நீந்த ஆரம்பிச்சிச்சு. பன்னெண்டுல பதினொண்ணு.

எண்ணாதீங்கண்ணே. பன்னெண்டு இருக்கும்.

அந்தக் கருப்பு... அது கிளோயே இல்ல. நேத்து கடையில வாங்கி வுட்டேன். வாலு கொஞ்சம் குட்டை. நீங்க கண்டுபுடிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். இம்மாம் நேரமா அதுக்குத்தான் பேசிக்கிட்டே இருந்தேன். முடியல. நாந்தாண்ணே கொன்னேன்.

திட்டுங்க. நீங்க திட்டலன்னா நான் எப்புடி வூட்டுக்குப் போவேன்?