வாயோரத்துப் பச்சை

— ஏன்டி நெரிடா, இங்க மாட்டியிருக்கற படத்துல எல்லா நாயும் நேரா பார்க்குது. என் பிப் மட்டும் ஏன் பார்வையைத் திருப்பிக்கிட்டு நிக்கறா?

— அப்படித்தான் வந்துச்சு, கோரல். பிடிக்கலைன்னா வச்சுட்டுப் போ.

— பிடிக்கலைன்னு யாரு சொன்னா? காது அப்படியே அவ காது. முன்னங்காலைத் தூக்கிக்கிட்டு, ‘ஆட்டை வளைக்கப் போகட்டா, போகட்டா’ன்னு கேப்பாளே, அதே நிலை. கண்ணுதான் இடிக்குது. எங்கடி பார்க்கறா அவ?

— பாரு, உன்னைப் பார்க்கற மாதிரி வரைய எனக்குக் கை வரலை. போதுமா?

— அடியம்மா! இது என்ன பேச்சு? முப்பது வருஷ சிநேகிதம் நம்மது. ஒரு மாசமா என்னைக் கண்டா தெருவை மாத்தி நடக்கறே. பிப்பைப் புதைச்ச அன்னிக்கும் வரலை. பக்கத்துப் பண்ணை மெர்வோட பொண்டாட்டி கேக் சுட்டு எடுத்துட்டு வந்தா. பிப் கடிச்சுக் கொன்னதாச் சொன்னது அவங்க ஆட்டைடீ! அவளுக்கு இருந்த மனசு உனக்கில்லையே.

— டீ குடிக்கறியா?

— பேச்சை மாத்தாதே. சரி, குடு. சக்கரை வேணாம். இது யாரு வீட்டுக் காளை? வயிறு தரையைத் தொடுது.

— டக்கரோடது. ‘இன்னும் கொஞ்சம் சதை ஏத்து, இன்னும் கொஞ்சம் ஏத்து’ன்னு திருப்பித் திருப்பி அனுப்பறான். இப்ப அது சோபா மாதிரி ஆயிடுச்சு. பக்கத்துல இருக்கற பூனை ஹோபார்ட் பட்டணத்துப் பூனை. கழுத்துல முத்துமாலை வேணுமாம் அந்த அம்மாவுக்கு.

— நீயும் போட்டுட்டே!

— மாலை போடுவேன், சதை ஏத்துவேன், அதெல்லாம் அலங்காரம். ஆனா உடம்புல இருக்கற ஒண்ணை அழிக்கமாட்டேன். தழும்பு, கிழிஞ்ச காது, கறை, கண்ணுல பட்டது படத்துல இருக்கும்.

— பெரிய அரிச்சந்திரன் பரம்பரை! ஹாரன் அடிக்கறது லயல்தான். அஞ்சு நிமிஷம் வண்டியில உக்காரப் பொறுக்காது என் புருஷனுக்கு. கத்தட்டும். அந்த மூலையில துணி போட்டு மூடி வச்சிருக்கியே, அது யாரு?

— பெரிய பண்ணை ஹெட்லியோட நாய், டியூக். சனிக்கிழமை கண்காட்சி ஹால்ல மாட்டப் போறாங்க.

— பார்க்கறேன் இரு. ம்ம். ராஜா மாதிரிதான் இருக்கான், சொல்லக்கூடாது. வருஷா வருஷம் கோப்பையும் இவனுக்குத்தான். இது என்னடி, வாயோரத்துல பச்சை? பிரஷ்ஷைத் துடைச்சியா?

— கோரல், விளையாடாதே.

— என்ன விளையாட்டு? உன் கண்ணாடியைக் கழட்டிக் குடு, என்னுது வண்டியில இருக்கு. ஆமா, பச்சைதான். கீழ் உதட்டுல கொஞ்சம், கழுத்து வெள்ளையில கொஞ்சம். புல்லைக் கடிச்சானா?

— இந்த வறட்சியில இவ்வளவு பச்சையா புல்லு எங்க இருக்கு? இது கிளிப்பச்சை.

— அப்ப என்னதுடி?

— என்னதுன்னு உனக்குத் தெரியும்.

— தெரிஞ்சா நான் ஏன்டி கேக்கறேன்? இரு. இரு. இவனை என்னிக்கு வரைஞ்சே?

— மெர்வோட ஆடுங்க செத்துக் கிடந்துச்சே, அன்னிக்குக் காலையில. ஹெட்லியோட ஆள் கொண்டுவந்து விட்டுட்டுப் போனான். வந்ததும் வராததுமா ஒரு வாளித் தண்ணியைக் குடிச்சான். அப்புறம் அசதியா படுத்துட்டான். அசையாம இருக்கானே, நல்லதாப் போச்சுன்னு உக்காந்து வரைஞ்சேன்.

— மெர்வ் முந்தின நாள்தான் ரெட்டைக்குட்டி சுமக்கற ஆடுகளுக்குப் பிடரியில அடையாளச் சாயம் போட்டான்.

— ஆமா.

— எப்பவும் நீலம்தான் போடுவான். கடையில நீலம் தீர்ந்துபோச்சுன்னு இந்த வாட்டி பச்சை வாங்கிட்டு வந்தான். ஊர்ல வேற யாரும் பச்சை போடலை. செத்துக் கிடந்த ஆடெல்லாம் பச்சைக் கழுத்து. என் கண்ணால பார்த்தேன், நெரிடா.

— ஆமா.

— பிப்போட வாயைப் பிளந்து காட்டினேன்டி எல்லாருக்கும். ‘பாருங்க, ஒரு பொட்டு சாயம் இருக்கா’ன்னு கேட்டேன். ‘நக்கித் துடைச்சிருக்கும், செத்த ஆட்டுப் பக்கத்துல நின்னது உன் நாய்தானே’ன்னு ஹெட்லி சொன்னான். ஐயோ, அவ இவனைத் துரத்தி விட்டிருக்கா! துரத்திட்டு, மிச்ச ஆட்டுக்குக் காவல் நின்னிருக்கா!

— அப்படித்தான் இருக்கும்.

— ‘அப்படித்தான் இருக்கும்’! எவ்வளவு சாதாரணமா சொல்றே! ஆட்டைக் கடிச்ச நாயை வளர்த்தவங்களே சுடணும். அடுத்தவன் கையில விட்டா கேவலம். இது நம்ம ஊர் வழக்கம்தானே? நானே கூட்டிட்டுப் போனேன் மரத்தடிக்கு. வேலைக்குக் கூப்பிடறேன்னு நெனச்சு வாலை ஆட்டிட்டு முன்னாடி ஓடினா. உக்காருன்னேன், உக்காந்தா. கடைசி வரைக்கும் என்னையேதான்டி பார்த்துட்டிருந்தா.

— அழாதே, கோரல்.

— காலையிலயே உனக்குத் தெரியும். பாவி! நான் சுட்டது சாயங்காலம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பிப் இப்ப உயிரோட இருந்திருப்பா. ஹெட்லி இந்தக் கொட்டகையைச் சும்மா குடுத்திருக்கான்னு வாயை மூடிக்கிட்டியா? உன்னை என் கூடப்பிறந்தவன்னு நெனச்சேனே!

— ஏய், நிறுத்து. யாரு பாவி? நானா? ஒரு மாசமா உன்னை நெனச்சு என் வயிறு எரியுது. பிப்பைச் சுட்ட மறுவாரமே உங்க மாடெல்லாம் ஹெட்லியோட ஆத்தோரப் புல்லுல மேயுது. எத்தனை பேர் கெஞ்சியும் அந்தக் கேட்டைத் திறக்காதவன் அவன். நாயைக் குடுத்துப் புல்லு வாங்கிட்டா கோரல்னு எனக்கு நெஞ்சே விட்டுப்போச்சு. அதான் புதைக்க வரலை. அதான் கண்ணையும் திருப்பி வரைஞ்சேன்.

— என்னடி உளர்றே?

— உளறலை. இந்தப் பச்சையை வேணும்னுதான் பளிச்னு போட்டிருக்கேன். நீ வாயைத் திறக்கமாட்டே. ஹால்ல மாட்டினா மெர்வாவது பார்ப்பான், அவனோட சாயம் அவனுக்குத் தெரியாதா? அப்புறம் ஹெட்லி என்னைக் கொட்டகையை விட்டுத் துரத்தினாலும் துரத்தட்டும்.

— நான் எதுக்குடி என் பிப்பைக் குடுத்துப் புல்லு வாங்கப் போறேன்? ஹெட்லிக்கு மனசு இளகிடுச்சு, ‘பாவம், நாயை இழந்தவ’ன்னு தானா வந்து கேட்டைத் திறந்து விட்டான். அப்படித்தான் லயல் சொன்னாரு.

— லயலா சொன்னாரு?

— ஆமா. ஏன் மூஞ்சி அப்படிப் போகுது உனக்கு?

— கோரல், என்னைப் பார்த்துச் சொல்லு. டியூக் விஷயம் நெசமாவே உனக்குத் தெரியாதா? நான் சொன்னேனே.

— யார்கிட்ட சொன்னே? என்னிக்கு?

— அன்னிக்கேதான். மத்தியானம் மெர்வோட ஆடு சேதி காதுல விழுந்த உடனே உங்க வீட்டுக்குப் போன் பண்ணினேன். ‘பிப்பைத் தொடாதீங்க, டியூக் வாயில மெர்வோட சாயம் இருக்கு, வந்து பாருங்க’ன்னு மூச்சு விடாம சொன்னேன்.

— மத்தியானம் நான் நாய்க்கூண்டுகிட்ட உக்காந்திருந்தேன். அவ தலை என் மடியில. உள்ள போன் அடிச்சுது. ஆமா, அடிச்சுது.

— லயல் எடுத்தாரு. ‘ரொம்ப உபகாரம் நெரிடா, கோரல்கிட்ட இப்பவே சொல்றேன். நீ வெளிய யார்கிட்டயும் மூச்சு விடாதே, ஹெட்லிகிட்ட நாங்களே பேசிக்கறோம்’னாரு. சாயங்காலம் நீயே சுட்டுட்டேன்னு கேள்விப்பட்டப்ப, ரெண்டு பேரும் சேர்ந்துதான் பேசி முடிச்சுட்டீங்கன்னு நெனச்சேன்.

— இப்பவே சொல்றேன்னாரா?

— ஆமா.

— வெளிய வந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வந்தாரு. கையில துப்பாக்கி, தோட்டா போட்டே எடுத்துட்டு வந்தாரு. ‘இழுக்க இழுக்க உனக்குத்தான் வேதனை, முடிச்சுடு’ன்னாரு.

— ஐயோ, கோரல். உக்காரு. முதல்ல உக்காரு.

— இன்னும் கேளு, நெரிடா. என்னால ஆகாதுன்னு துப்பாக்கியைக் கீழே வச்சுட்டேன். அவரு எடுத்துத் திரும்ப என் கையில குடுத்து, பின்னாடி நின்னு முழங்கையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு, ‘அவ உன்னைத்தான் நம்பியிருக்கா, குறி தப்பிடாதே’ன்னாருடி.