தலைப்புக்கு மட்டுமான எழுத்து

காபிக்கு நன்றி, சார். சர்க்கரை இல்லாமலே குடிப்பேன். நீங்கள் காட்டுகிற தாளில் இருப்பது என் கையெழுத்துதான். அதை மறுக்கப் போவதில்லை.

அச்சுக்கு எழுத்துரு வரைவது என் தொழில். நான்கு வருடம் உட்கார்ந்து ஒரு சாய்வெழுத்து வரைந்தேன். தடித்த கோடு நன்றாகத் தடித்திருக்கும், மெல்லிய கோடு வெறும் மயிரிழை. பெரிதாகப் போட்டால் பார்ப்பவர் கண்ணெடுக்க மாட்டார். பொடியாகப் போட்டால் அச்சில் மயிரிழை காணாமல் போய்க் குச்சிகள்தான் நிற்கும். தலைப்புக்கு மட்டுமே ஆன எழுத்து அது.

அலுவலகம் என் மனைவியின் தம்பியுடையது. எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். எழுத்து முடிந்த மாதத்திலிருந்து, நான் உள்ளே வந்தால் மைத்துனன் கணினித் திரையை மாற்றுவான். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போவான். எனக்கு மூக்கில் வியர்த்தது. ஒருநாள் அவன் மேசையில் என் எழுத்தை விற்பதற்காக அச்சான மாதிரிப் புத்தகம் கிடந்தது. வடிவமைத்தவர் என்ற இடத்தில் அவன் பெயர். வயிறு எரிந்தது. கேட்டால் மழுப்புவான் என்பதால் கேட்கவில்லை.

பிறகு ஒரு கறை நீக்கும் திரவத்துக்கு லேபிள் வேலை வந்தது. இளஞ்சிவப்பு நிறம், பழ வாசனை, அழகான கண்ணாடிப் புட்டி. குடித்தால் குடல் வெந்துவிடும். மைத்துனன் ஆசைப்பட்டு, எச்சரிக்கை வரி உட்பட எல்லாவற்றையும் அந்த எழுத்திலேயே போட்டான். அச்சுக்குப் போகும் முன் அசல் அளவில் ஒரு தாள் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படித்து, நான் கையெழுத்திட வேண்டும். எச்சரிக்கை வரியில் குச்சிகள்தான் தெரிந்தன.

“மாமா, எல்லாம் சரியா இருக்கா?”

“பாத்துட்டேன். அனுப்பு.”

கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள், அவன் பெயர் நாறும், அத்தோடு சரி என்றுதான் அன்று நினைத்தேன்.

முதல் புட்டியை அவன் தன் அம்மாவுக்குக் காட்ட வீட்டுக்குக் கொண்டுவந்தான். சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது ஜூஸா மாப்ள? எழுத்து அழகா இருக்கு, படிக்கத்தான் முடியல.”

மூக்குக்கண்ணாடியை நானே எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தும் அவரால் படிக்க முடியவில்லை.

“உங்க மகன் செஞ்சது அத்தை,” என்றேன். அதில் பொய் ஏதும் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே தம்ளரை எடுத்தார்.

மூன்றாம் நாள் போய்விட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: “நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?”

இருந்தேன். மூடியைத் திறக்கும்போதே தடுத்திருக்கலாம். தடுத்திருந்தால் மைத்துனன் அன்றே லேபிளை மாற்றித் தப்பித்திருப்பான். அதனால் அத்தை இரண்டாவது வாய் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னைத் தான் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தவர். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்.