போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அறைச் சாவி

எழுபதுகளில் ஒரு நாள், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு சிற்பிகள். ஒருவர் டிரினிடாட் தீவின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கோயில் வேலை முடித்து வந்தவர். மற்றவர் அடுத்த வாரம் போகிறவர்.

“ஓட்டல் கதவு தானா பூட்டிக்கும் மச்சான். சாவிய வுள்ள வெச்சிட்டு துண்டோட வெளிய வந்துடாத. நான் அப்பிடித்தான் வந்து மாட்டிக்கிட்டேன்.”

“ஐயோ! அப்பொறம்?”

“கீழ மானேஜராண்ட போனேன். அவரு பேரு முனுசாமி.”

“நம்மாளா! அப்ப தமிழ்லயே கேட்டுக்கலாம்.”

“ஒரு வார்த்த தெரியாது அவருக்கு. அவரு பாட்டன் வெள்ளக்காரன் காலத்துல கரும்பு வெட்டப் போனவராம். சீக்கிரம் திரும்பிடலாம்னு சொல்லித்தான் கப்பல்ல ஏத்தனாங்களாம்.”

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. போகிறவர் மெல்லக் கேட்டார்:

“ரிட்டன் டிக்கெட்ட இப்பவே நம்ம கையில குடுத்துடுவாங்களா மச்சான்?”